வீட்டுச் சமையலுக்கு நல்ல கத்தி: வாங்கும்போது எதைப் பார்ப்பது?

அடுப்படி கேட்டது:

நான்கு பேர் வீட்டுக்குத் தினமும் இரண்டு வேளைச் சமையல். பெரும்பாலும் காய்கறி நறுக்குவதுதான் வேலை. வாரத்தில் ஓரிரு முறை எலும்பில்லாத கோழி, மீன். இப்போது வீட்டில் இருப்பவை மெல்லிய தகட்டில் வெட்டி எடுத்த சின்னக் கத்திகள். கூர் ஏற்றினாலும் ஒரு வாரம் தாங்குவதில்லை. தக்காளித் தோலில் வழுக்குகின்றன. வெங்காயம் அறுபடுவதைவிட நசுங்குவதே அதிகம். கேரட்டில் பாதி இறங்கியதும் காய் படக்கென்று பிளந்துகொண்டு துண்டு தெறிக்கிறது.

நல்லதாக வாங்கலாம் என்று பார்த்தால் பெட்டிகளில் 'ஃபோர்ஜ்டு', 'ஹை கார்பன்', 'டமாஸ்கஸ் 67 அடுக்கு', '60 எச்.ஆர்.சி.' என்று எழுதியிருக்கிறார்கள். இதில் எது உண்மையிலேயே வெட்டுவதற்கு உதவும்? எத்தனை கத்தி வேண்டும்? மரக் கட்டையோடு வரும் ஆறு, எட்டு கத்தி செட் வாங்குவது சரியா? கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் எதைச் சோதிக்க வேண்டும்?

பட்டறைக்காரர் எழுதியது:

செட் வேண்டாம். எட்டுக் கத்தி செட்டில் தினமும் கைக்கு வருவது இரண்டுதான். மீதி ஆறுக்கும் சேர்த்துக் கொடுக்கும் காசை அந்த இரண்டின் தரத்தில் போடலாம். தேவைப்படுவது 18 முதல் 20 செ.மீ. அலகுள்ள ஒரு பெரிய கத்தி, 8 முதல் 10 செ.மீ. அலகுள்ள ஒரு சின்னக் கத்தி. ரொட்டி அடிக்கடி அறுப்பவர்கள் என்றால் ரம்பப்பல் கத்தி ஒன்று. அவ்வளவுதான்.

கேரட் பிளக்கிறது என்றீர்களே, அது கூர் மழுங்கியதால் மட்டும் வருவதல்ல. அங்கிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் கத்தி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கத்தியின் கூர் என்பது வெட்டுமுனையின் கடைசி இழை. காய்க்குள் முதலில் நுழைவது அது. அதற்குப் பின்னால் அலகின் உடம்பு முழுக்க நுழைந்தாக வேண்டும். வெட்டுமுனைக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு தடிமன் என்பதுதான் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்குமா, ஆப்பு அடித்ததுபோலக் காயைப் பிளக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. சாணை பிடித்த பட்டைக்கு (கூருக்காகச் சரிவாகத் தேய்த்த ஓரத்துக்கு) நேர் மேலே 0.2 முதல் 0.3 மி.மீ. இருந்தால் அருமையான கத்தி. 0.5 மி.மீ. தாண்டினால், எவ்வளவு கூராக இருந்தாலும் கேரட், சர்க்கரைவள்ளி போன்ற கெட்டியான காய்களில் சிக்கும். தக்காளியில் இந்த வித்தியாசமே தெரியாது. அதனால்தான் விளம்பரங்களில் எப்போதும் தக்காளியை அறுத்துக் காட்டுகிறார்கள். கத்தியைச் சோதிக்க வேண்டுமா, கனமான கேரட்டை நெடுக்காக அறுத்துப் பாருங்கள்.

முதுகுப் பக்கத் தடிமனும் பாருங்கள். கைப்பிடிக்கு அருகே 2 முதல் 3 மி.மீ. இருந்து, நுனியை நோக்கிப் போகப் போகக் குறைந்து 1 மி.மீ. அளவுக்கு வர வேண்டும். நுனி வரை ஒரே தடிமனாகப் போகும் கத்தியில் வெங்காயத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறும் வேலை சரியாக வராது. மேலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

'ஃபோர்ஜ்டு' என்பதற்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்க மாட்டேன். ஒரு காலத்தில் அடித்து உருவாக்கிய கத்திக்கும் தகட்டில் வெட்டிய கத்திக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தது. இன்று நல்ல எஃகுத் தகட்டில் வெட்டி, சரியாகச் சூடேற்றிப் பதம் வைத்து, மெல்லியதாகத் தேய்த்த கத்தி, கனமாக அடித்துச் செய்த பல கத்திகளைவிட நன்றாக வெட்டும். உங்களிடம் உள்ளவை மோசமாக இருப்பதற்குக் காரணம் தகடு என்பதல்ல. எஃகில் கார்பன் குறைவு, பதமும் போதாது.

கையில் எடுக்கும்போது பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். கைப்பிடியை மட்டும் பிடித்துப் பார்க்காதீர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகின் அடிப்பகுதியை இரு பக்கமும் கிள்ளிப் பிடிக்க, மற்ற மூன்று விரல்களும் கைப்பிடியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். காய் நறுக்க இதுதான் கட்டுப்பாடான பிடி. இப்படிப் பிடிக்கும்போது முதுகின் ஓரம் விரலை அறுக்கிறதா என்று கவனியுங்கள். நல்ல கத்தியில் அந்த ஓரத்தை மழித்து உருட்டியிருப்பார்கள். எடை அந்தக் கிள்ளும் இடத்திலேயே சமநிலையாக நின்றால் அரை மணி நேரம் நறுக்கினாலும் மணிக்கட்டு வலிக்காது. 20 செ.மீ. கத்திக்கு 160 முதல் 220 கிராம் போதும். 250 கிராமுக்கு மேல் போனால் தினசரிக் காய் வேலைக்குத் தேவையில்லாத பாரம்.

பிறகு பலகையில் வைத்து நறுக்குவதுபோல அசைத்துப் பாருங்கள். உங்கள் விரல் முட்டிகள் பலகையில் இடிக்கக் கூடாது. அடிப்பகுதியில் அலகின் அகலம் 45 மி.மீ. இருந்தால் பெரும்பாலோருக்கு இடிக்காது. முதுகை ஒரு கண்ணால் நெடுக்கப் பார்த்தால் கத்தி வளைந்திருக்கிறதா என்று தெரியும். வெட்டுமுனையைச் சமமான பலகையில் நிறுத்தி, பின்னால் வெளிச்சம் வைத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் எங்காவது இடைவெளி இருக்கிறதா என்று தெரியும். அங்கே இடைவெளி இருந்தால் கீரை, வெங்காயத்தாள் எல்லாம் முழுதாக அறுபடாமல் தோரணம்போல ஒட்டிக்கொண்டே வரும்.

இன்னொன்று. அலகும் கைப்பிடியும் சேரும் இடத்தில் தடித்த உலோகக் கழுத்து இருக்கும். அது வெட்டுமுனை வரைக்கும் இறங்கி வரும் கத்தியை வாங்காதீர்கள். சாணை பிடிக்கப் பிடிக்க அலகு தேயும், அந்தக் கழுத்து தேயாது. சில ஆண்டுகளில் கழுத்து மட்டும் பலகையைத் தொடும், அலகின் அடிப்பகுதி அந்தரத்தில் நிற்கும். கழுத்து பாதியிலேயே நின்றுவிடும் கத்தியும், கழுத்தே இல்லாத கத்தியும் இந்தத் தொல்லை தராது.

உலோகம்60 எழுதியது:

மேலே சொன்னதில் தடிமன் பற்றிய பகுதியை அப்படியே ஏற்கிறேன். ஆனால் எஃகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மெல்லிய முனையைத் தாங்கும் பலம் எஃகுக்கு இருந்தால்தான் அந்த மெல்லிய முனை நிலைக்கும்.

எச்.ஆர்.சி. என்பது ராக்வெல் அளவில் கடினத்தன்மை. வைர நுனியை ஒரு குறிப்பிட்ட பாரத்தில் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். எண் கூடக் கூட எஃகு கடினம். 52, 53 அளவில் இருக்கும் கத்தியின் முனை பலகையில் படப்பட மடங்கிவிடும். உங்கள் பழைய கத்திகள் இந்த வகையாக இருக்கலாம். 55 முதல் 58 வரை இருப்பவை வீட்டுக்குப் பொருத்தமான முரட்டு வகை. முனை மெல்ல மடங்கும், ஆனால் உடையாது. தீட்டுக்கோலில் நான்கு இழுப்பு இழுத்தால் மீண்டும் நேராகும். 60, 62 அளவில் இருப்பவை கூரை நீண்ட நாள் வைத்திருக்கும், பக்கத்துக்கு 12 முதல் 15 டிகிரி வரை மெல்லியதாகச் சாணை பிடிக்கலாம். ஆனால் முறுக்கினால் சில்லு பெயரும். பூசணியில் கத்தி சிக்கும்போது பக்கவாட்டில் நெம்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு 60க்கு மேல் போவது ஆகாது. எலும்பு, உறைந்த இறைச்சி, பழக்கொட்டை எல்லாவற்றுக்கும் இதேதான்.

பெட்டியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது எதையும் சொல்லவில்லை. எஃகின் எண்ணைக் கேளுங்கள். 420ஜே2 என்றிருந்தால் விட்டுவிடுங்கள். மென்மையான எஃகு அது. 1.4116 என்ற எண் இருந்தால் நம்பி வாங்கலாம். சுமார் 0.5 சதவீதம் கார்பனும் 15 சதவீதம் குரோமியமும் கொண்ட இந்த எஃகில்தான் ஐரோப்பியக் கத்திகளில் பெரும்பகுதி செய்யப்படுகிறது. 55 முதல் 58 எச்.ஆர்.சி. வரை பதம் வைப்பார்கள். 14சி28என் என்பது கார்பனோடு நைட்ரஜனும் சேர்த்த எஃகு. நுண்ணிய மணிகள் கொண்டது, எளிதாகக் கூர் ஏறும், துருவையும் தாங்கும். வீட்டுச் சமையலுக்கு என்னுடைய விருப்பம் இதுதான். ஏயுஎஸ்-10, விஜி-10 இரண்டும் ஒரு சதவீதம் அளவுக்குக் கார்பன் உள்ளவை. 60ஐ ஒட்டிப் பதம் வைப்பார்கள். கூர் நிற்கும், ஆனால் கல்லில் தீட்டும்போது முனையில் எழும் மெல்லிய உலோக இழையான பிசிர் விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும்.

'ஹை கார்பன்' என்ற சொல்லுக்குச் சட்டம்போல ஓர் அளவு கிடையாது. 0.5 சதவீதம் உள்ளதையும் அப்படித்தான் விற்கிறார்கள், ஒரு சதவீதம் உள்ளதையும் அப்படித்தான் விற்கிறார்கள்.

எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்துவிடவும் கூடாது. ஒரே 1.4116 எஃகை ஒருவர் 54க்கும் இன்னொருவர் 58க்கும் பதம் வைக்கலாம். எஃகின் பெயர், எச்.ஆர்.சி. எண் இரண்டையும் வெளிப்படையாகச் சொல்லும் தயாரிப்பாளரிடம் வாங்குவதுதான் பாதுகாப்பு. இரண்டையும் மறைத்துவிட்டு, அடுக்குகளின் எண்ணிக்கையை மட்டும் பெரிய எழுத்தில் போடுகிறவரிடம் வாங்காதீர்கள்.

பட்டறைக்காரர் சொன்ன 20 செ.மீ. பற்றி ஒரு மாற்றுக் கருத்து. பலகை சின்னதாக இருந்தாலோ, மேடை குறுகலாக இருந்தாலோ, சாண்டோகு என்ற ஜப்பானியக் கத்தி வகையில் 16 முதல் 18 செ.மீ. வசதியாக இருக்கும். அதன் வெட்டுமுனை கிட்டத்தட்ட நேர்க்கோடு. நேராக மேலிருந்து கீழே அழுத்தியோ, முன்னே தள்ளியோ நறுக்குகிறவர்களுக்கு ஏற்றது. நுனியைப் பலகையில் ஊன்றி முன்னும் பின்னும் ஆட்டி நறுக்குகிறவர்களுக்கு வயிறு வளைந்த செஃப் கத்திதான் சரி. நேரான முனையை ஆட்டினால் டக் டக் என்று பலகையில் இடிக்கும். வாங்குவதற்கு முன் உங்கள் கை எப்படி நறுக்குகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்.

அடுப்படி எழுதியது:

நான் மேலிருந்து கீழே தள்ளித்தான் நறுக்குகிறேன். பலகையும் சின்னதுதான். அப்படியானால் 18 செ.மீ. சாண்டோகு பார்க்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. டமாஸ்கஸ் என்பது வெறும் அழகா? ஸ்டெயின்லெஸ் இல்லாத பழைய கார்பன் ஸ்டீல் கத்திதான் உண்மையில் கூரானது என்று பலர் சொல்கிறார்கள். அது வீட்டில் சரிப்படுமா?

உலோகம்60 எழுதியது:

டமாஸ்கஸ்: நடுவில் ஒரே ஒரு எஃகு, அதுதான் வெட்டும். இரு பக்கமும் மென்மையான எஃகுகளை அடுக்கடுக்காக ஒட்டி, அமிலத்தில் ஊறவைத்துக் கோலத்தை வெளிக்கொண்டு வருவார்கள். 33 அடுக்கோ 67 அடுக்கோ, வெட்டும் திறன் நடு எஃகையும் அதன் பதத்தையும் பொறுத்தது. நல்ல தயாரிப்பாளர் செய்ததென்றால் கத்தியும் நன்றாகவே இருக்கும், அழகுக்கு உரிய கூடுதல் விலையையும் கொடுக்கிறீர்கள், அவ்வளவே. மோசம் என்னவென்றால் லேசரில் கோலம் அச்சடித்த சாதாரணக் கத்திகள் நிறையச் சுற்றுகின்றன. அடையாளம் காண்பது கடினமல்ல. உண்மையான அடுக்கில் வெட்டுமுனைக்குச் சில மி.மீ. மேலே நெளிநெளியான ஓர் எல்லைக்கோடு ஓடும். அதற்குக் கீழே கோலம் இருக்காது, நடு எஃகு வெறுமையாகத் தெரியும். முதுகைப் பார்த்தால் அடுக்குகள் நெடுக்கக் கோடுகளாகத் தெரியும். அச்சடித்ததில் கோலம் வெட்டுமுனை வரைக்கும் ஓடிவிடும், முதுகில் ஒன்றும் இருக்காது, ஒரே உருவம் திரும்பத் திரும்ப வரும்.

கார்பன் ஸ்டீல்: கூர் எளிதாக ஏறும், மிக நுண்ணியதாக ஏறும் என்பது உண்மை. குரோமியம் இல்லாததால் பெரிய கடினமான கார்பைடு (கார்பனும் உலோகமும் சேர்ந்த) மணிகள் உருவாவதில்லை, அதனால் கல் அதை வேகமாகத் தேய்க்கும். ஷிரோகாமி என்ற ஜப்பானியக் கார்பன் எஃகு இதற்குப் புகழ்பெற்றது. ஆனால் எலுமிச்சை, தக்காளி, வெங்காயம் பட்டதும் அலகு கறுக்கத் தொடங்கும். முதல் சில வாரங்களுக்கு நறுக்கிய வெங்காயத்திலும் கறுப்பும் இரும்பு வாடையும் ஏறலாம். நாளாக நாளாகச் சாம்பல், நீல நிறத்தில் ஒரு படலம் பிடித்துக்கொள்ளும். அது காப்பு, தேய்த்து எடுக்காதீர்கள். செம்மஞ்சளாக வந்தால் அதுதான் துரு, உடனே எடுத்துவிட வேண்டும். நறுக்கும்போதே பக்கத்தில் துணி வைத்துத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் கத்தி என்றால் கார்பன் ஸ்டீல் வேண்டாம். ஒருவர் கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டுப் போனாலும் காலையில் துரு நிற்கும்.

வெளிப்புறம் ஸ்டெயின்லெஸ், நடுவில் கார்பன் ஸ்டீல் என்று ஒட்டிய கத்திகளும் உண்டு. துடைக்க வேண்டிய பகுதி வெட்டுமுனை மட்டும்தான் என்பதால் ஆசைப்படுகிறவர்களுக்கு இது நல்ல நடுவழி.

சாணைக்கல் எழுதியது:

நல்ல கத்தி வாங்கிவிட்டுக் கூர் ஏற்ற ஒன்றும் வாங்காவிட்டால் நான்கு மாதத்தில் அதுவும் பழைய கத்திதான். பட்ஜெட்டைப் பிரிக்கும்போதே கல்லுக்கும் ஒதுக்குங்கள். 1000 கிரிட் கல் ஒன்று போதும் (கிரிட் என்பது கல்லின் சொரசொரப்பு அளவு, எண் கூடக் கூட நுண்மை). 3000க்கு மேல் இருப்பவை மெருகுக்கு. காய் வேலைக்கு 1000இல் நிறுத்துவதே மேல், ஏனென்றால் முனையில் கண்ணுக்குத் தெரியாத நுண்பற்கள் மிச்சம் இருக்கும். தக்காளித் தோலைக் கடிப்பது அவைதான். 400 கிரிட் கல் சில்லு பெயர்ந்ததைச் சரிசெய்யவும் அலகை மெலிக்கவும் மட்டும்.

வி வடிவப் பள்ளத்தில் கத்தியை இழுக்கும் கருவியைத் தவிர்த்துவிடுங்கள். அதில் இருக்கும் கார்பைடு துண்டுகள் எஃகைத் தேய்ப்பதில்லை, சுரண்டிப் பிய்க்கின்றன. இழுத்த உடனே கூராகத் தெரியும், ஓரிரு நாளில் மழுங்கும், மறுபடி இழுப்பீர்கள், இப்படி அலகு வேகமாகக் கரையும். கோணமும் கருவி வைத்ததுதான். 60 எச்.ஆர்.சி. கத்தியை அதில் விட்டால் முனை முழுக்கச் சில்லு சில்லாகும்.

வேகமாகச் சுற்றும் உலர்ந்த சக்கரத்தில் தீட்டிக் கொடுக்கச் சொல்லவும் வேண்டாம். சமையல் கத்திகளைப் பெரும்பாலும் 200 டிகிரிக்கு உட்பட்ட வெப்பத்தில்தான் பதம் வைத்திருப்பார்கள். மெல்லிய வெட்டுமுனை சக்கரத்தில் பட்டால் கணத்தில் அந்த அளவைத் தாண்டிவிடும். கைக்குச் சூடு தெரிவதற்குள் காரியம் முடிந்திருக்கும். முனையில் நீலம் ஏறியிருந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். தண்ணீர் ஓடும், மெதுவாகச் சுற்றும் சக்கரம் என்றால் பயமில்லை.

கல்லில் தீட்டும் முறை. ஊறவைக்கும் வகைக் கல்லென்றால் தண்ணீரில் குமிழி அடங்கும் வரை, 10, 15 நிமிடம். தண்ணீர் தெளித்தால் போதும் என்று குறிப்பிட்ட கல்லை ஊறவைக்காதீர்கள், சில வகைகள் விரிசல் விடும். கல்லுக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது.

கோணத்தைப் பிடிப்பதுதான் எல்லோருக்கும் தகராறு. கணக்குப் போட்டுவிட்டால் எளிது. 45 மி.மீ. அகலமுள்ள அலகைக் கல்லில் படுக்கவைத்து முதுகை 12 மி.மீ. தூக்கினால் 15 டிகிரி. 15 மி.மீ. தூக்கினால் கிட்டத்தட்ட 20 டிகிரி. அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கி முதுகை அதன்மேல் வைத்துப் பாருங்கள், கை அந்த உயரத்தைப் பழகிக்கொள்ளும். 55 முதல் 58 எச்.ஆர்.சி. கத்திக்கு 17, 18 டிகிரி வைத்தால் கூருக்கும் உறுதிக்கும் நடுவில் நிற்கும்.

சரியான கோணத்தில்தான் தேய்க்கிறோமா என்று பார்க்க, வெட்டுமுனைப் பட்டையில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு நான்கு முறை தேய்த்துப் பாருங்கள். மேல் ஓரத்தில் மட்டும் மை அழிந்தால் கோணம் குறைவு, முனையில் மட்டும் அழிந்தால் கோணம் அதிகம். பட்டை முழுக்க அழிய வேண்டும்.

ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருங்கள், மறுபக்கத்தில் பிசிர் எழும் வரைக்கும். முதுகிலிருந்து முனையை நோக்கி, முனைக்கு வெளியே போகும்படி விரலால் மெதுவாகத் தடவினால் சொரசொரப்பாகத் தட்டுப்படும். முனையின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டாதீர்கள். அந்தப் பிசிர் அடியிலிருந்து நுனி வரை தொடர்ச்சியாக வந்தால்தான் கத்தியைத் திருப்ப வேண்டும். 'எவ்வளவு தீட்டியும் கூர் வரவில்லை' என்கிறவர்களில் பெரும்பாலோர் பிசிர் வருவதற்கு முன்பே திருப்பிவிடுகிறவர்கள். மறுபக்கமும் அதேபோல. அதன்பின் பக்கத்துக்கு ஒரு முறை என மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கத்தியின் எடை மட்டும் கல்லில் படும்படி ஐந்தாறு முறை. இதில் பிசிர் விழுந்துவிட வேண்டும். விழாமல் மடங்கி நின்றால் முதல் நாள் பிரமாதமாக வெட்டும், இரண்டாம் நாள் மொக்கையாகிவிடும். தோல் பட்டையிலோ மடித்த செய்தித்தாளிலோ முதுகு முன்னே போகும்படி பின்னோக்கி இழுத்தால் மிச்சப் பிசிரும் போகும்.

தீட்டுக்கோல் கூர் ஏற்றுவதில்லை, மடங்கிய முனையை நிமிர்த்துகிறது. 58 வரை உள்ள கத்திக்கு வழுவழுப்பான அல்லது நுண்ணிய வரியுள்ள எஃகுக் கோல் போதும். 60க்கு மேற்பட்ட கத்திக்கு நுண்ணிய செராமிக் கோல்தான் வேண்டும். கோலின் நுனியை ஈரத்துணியில் ஊன்றிச் செங்குத்தாக நிறுத்தி, பக்கத்துக்கு நான்கைந்து முறை, அழுத்தாமல் இழுங்கள். காற்றில் இரண்டையும் சடசடவென்று உரசுவது பார்க்க நன்றாக இருக்கும், கோணம் நிற்காது.

கோலில் இழுத்தும் தக்காளித் தோல் வழுக்கினால் கல்லுக்கு நேரம் வந்துவிட்டது. உங்கள் வீட்டு வேலைக்கு இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரலாம். கல்லும் நடுவில் குழியும். பென்சிலால் கட்டங்கள் வரைந்து, வைரத் தகட்டிலோ கண்ணாடிமேல் ஒட்டிய முரட்டு உப்புத்தாளிலோ கோடுகள் முழுக்க அழியும் வரை தேய்த்துச் சமன்செய்யுங்கள். குழிந்த கல்லில் கோணம் நிற்கவே நிற்காது.

ஈரத்துணி எழுதியது:

கூர் போவதற்குக் காய்கறி காரணமல்ல, பலகைதான் காரணம். கண்ணாடி, கிரானைட், எவர்சில்வர் பலகைகளில் நறுக்கினால் 62 எச்.ஆர்.சி. கத்தியும் ஒரே வேளையில் மொக்கையாகும். மரம் அல்லது மென்மையான பாலிஎத்திலீன் பலகை வைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் பலகை பார்க்க மரம்போல இருந்தாலும் மூங்கிலில் சிலிக்கா இருக்கிறது, ஒட்டுவதற்குப் பசையும் நிறையச் சேர்த்திருப்பார்கள், மரத்தைவிடக் கத்தியை வேகமாக மழுக்கும். நறுக்கியதை வாணலியில் தள்ளும்போது வெட்டுமுனையால் பலகையைச் சுரண்டாதீர்கள். கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் மாறினாலே கல்லுக்குப் போகும் இடைவெளி நீளும்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கத்தியைப் போடக் கூடாது. சூடும் காரமான சோப்பும் மரப்பிடியை வெடிக்கவைக்கும், பக்கத்துப் பாத்திரத்தில் மோதி முனை போகும், உப்பு கலந்த ஈரத்தில் ஸ்டெயின்லெஸ்ஸிலும் ஊசிமுனைப் புள்ளியாகத் துரு பிடிக்கும். உப்போ ஊறுகாயோ புளிப்போ பட்டால் கத்தியை உடனே கழுவித் துடைத்துவிடுங்கள்.

கைப்பிடியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ரிவெட் அடித்த பிடியில், அலகின் காம்புக்கும் பிடிப் பலகைக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும் வாங்காதீர்கள். அதற்குள் தண்ணீர் தங்கும், உள்ளே துருப்பிடித்துப் பிடியைப் பிளக்கும், அழுக்கையும் எடுக்க முடியாது. ஈரக் கையோடு வேலை செய்கிறவர்களுக்கு அலகைச் சுற்றி நேரடியாக வார்த்த பிளாஸ்டிக் பிடி பாதுகாப்பானது. அழகு குறைவு, ஆனால் வழுக்காது, இடைவெளியும் இருக்காது. மரம்தான் பிடிக்கும் என்றால் பிசின் ஊட்டிய மரப்பிடி தண்ணீரைத் தாங்கும்.

இழுப்பறையில் கரண்டிகளோடு போட்டு வைப்பதும் கூரைக் கெடுக்கும், கை போட்டுத் தேடுகிறவரின் விரலையும் கெடுக்கும். உறை போட்டு வையுங்கள், அல்லது சுவரில் காந்தப் பட்டை. காந்தத்தில் வைக்கும்போது முதலில் முதுகு படட்டும், பிறகு அலகைச் சாயுங்கள். எடுக்கும்போது முதலில் வெட்டுமுனைப் பக்கம் பிரியட்டும்.

அடுப்படி எழுதியது:

எல்லாம் குறித்துக்கொண்டேன். 1.4116 அல்லது 14சி28என், 18 செ.மீ. சாண்டோகு, 9 செ.மீ. சின்னக் கத்தி, 1000 கிரிட் கல், மரப் பலகை. கடைசியாக ஒன்று. வீட்டில் ஒருவர் இடக்கைக்காரர். அவருக்குத் தனியாக வாங்க வேண்டுமா? செராமிக் கத்தி துருவே பிடிக்காது, கூரும் போகாது என்கிறார்களே, சின்னக் கத்தியாக அதை எடுத்தால் என்ன?

பட்டறைக்காரர் எழுதியது:

இரு பக்கமும் ஒரே கோணத்தில் சாணை பிடித்த கத்தி யார் கைக்கும் சரி. முனையை நேராகப் பார்த்தால் இரு பக்கப் பட்டையும் ஒரே அகலத்தில் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்து, மறுபக்கம் தட்டையாக இருக்கும் வகை பெரும்பாலும் வலக்கைக்கென்று செய்தது. இடக்கையில் பிடித்தால் கத்தி காய்க்குள் கோணலாக ஓடும். 70க்கு 30 என்று சமனில்லாமல் சாணை பிடித்ததும் ஓரளவு அப்படித்தான். கைப்பிடியின் குறுக்குவெட்டையும் பாருங்கள், சில பிடிகளில் ஒரு பக்கம் மட்டும் மேடு வைத்திருப்பார்கள். அது வலக்கை விரல்களுக்கானது. முட்டை வடிவமோ எண்கோணமோ என்றால் இருவருக்கும் ஒத்துவரும். ரம்பப்பல் கத்தியிலும் பற்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் தேய்த்திருக்கும். இடக்கைக்காரர் அறுத்தால் துண்டு சாய்ந்து வருவது அதனால்தான்.

செராமிக் வேண்டாம். சிர்கோனியாவில் செய்தது. எஃகைவிட மிகக் கடினம், அதனால் கூர் நெடுநாள் நிற்கும் என்பது மெய். ஆனால் வளையும் தன்மை துளியும் இல்லை. சின்னக் கத்தியால் தண்டைக் குடைவோம், உருளைக்கிழங்கின் கண்ணைத் தோண்டுவோம், கொஞ்சம் திருகுவோம், அதற்கெல்லாம் நுனி உடைந்துவிடும். உடைந்த சில்லு வெள்ளை நிறம், உணவில் கண்டுபிடிப்பதும் கஷ்டம். மழுங்கினால் உங்கள் 1000 கிரிட் கல் அதில் ஏறாது, வைரக் கல் வேண்டும். சின்னக் கத்திக்கு 55, 56 எச்.ஆர்.சி. சாதாரண ஸ்டெயின்லெஸ்தான் பொருத்தம். தோலை உரிக்கும்போது கட்டைவிரலை நோக்கி இழுக்கிற கத்தி அது, கொஞ்சம் வளைந்து கொடுப்பதே நல்லது.

சாணைக்கல் எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். புதுக் கத்தி பெட்டியிலிருந்து வரும்போது முழுக் கூரோடு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுழலும் உராய்வுப் பட்டையில் வேகமாகத் தேய்த்து முடித்திருப்பார்கள், முனையில் பிசிர் மிச்சம் இருக்கும். முதல் வாரத்திலேயே மழுங்கியதுபோலத் தோன்றினால் எஃகைப் பழிக்காமல் ஒரு முறை கல்லில் முழுதாகத் தீட்டிவிட்டு, அதற்கப்புறம் மதிப்பிடுங்கள். தீட்டிப் பழகச் சாண்டோகுவில் தொடங்க வேண்டாம், இப்போது உங்களிடம் இருக்கும் பழைய தகட்டுக் கத்திகளில் தொடங்குங்கள். மென்மையான எஃகு என்பதால் பிசிர் சீக்கிரம் எழும், விரலுக்கு அது எப்படித் தட்டுப்படும் என்று தெரிந்துகொள்ளலாம்.

வருடக்கணக்கில் தீட்டிய பிறகு ஒரு நாள், தாளைச் சரசரவென்று அறுக்கும் கத்தி கேரட்டில் மட்டும் மறுபடி சிக்கத் தொடங்கும். முனை தேய்ந்து தேய்ந்து அலகின் தடித்த பகுதிக்கு ஏறிவிட்டதால் வருவது அது. அப்போது 400 கிரிட் கல்லில் அலகை ஏறக்குறையப் படுக்கவைத்து, முதுகை 4, 5 மி.மீ. மட்டும் தூக்கி, முனைக்கு மேலுள்ள சதையைத் தேய்த்து மெலிக்க வேண்டும். அலகில் கீறல் விழும், பளபளப்புப் போகும், வெட்டுவதில் ஒரு குறையும் இருக்காது. மெலித்து முடித்ததும் வழக்கமான கோணத்தில் 1000 கிரிட்டில் ஒரு முறை.